தமிழகம் வந்த உலக யாத்திரிகர் இப்னு பதூதா

பூமியில் பயணம் செய்து படிப்பினை பெறுமாறு திருமறை மனிதனுக்குப் பன்முறை நினைவூட்டுகிறது. ஐம்பெரும் கடமைகளில் ஒன்றாகிய ஹஜ்ஜே ஒரு நெடும் பயணந்தான். ஒரே ஒரு ஹதீஸைக் காதால் கேட்பதற்காக மாதக்கணக்கில் வழி நடந்த பெரியார்களின் வரலாறும் நமக்குப் புதிதன்று. ஆயினும் நம் வீட்டுப் பிள்ளைகளை அழைத்து, உலகம் சுற்றிய யாத்திரிகர்களின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். கொலம்பஸ், வாஸ்கோட காமா, மெகல்லன் என்று மூன்று பெயர்களை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு விளையாட ஓடிவிடுவார்கள்.

இதில் பிள்ளைகள்மீது குற்றமில்லை. ஆங்கிலப் பாடத்தில் ‘எக்ஸ்ப்ளோரர்’ என்ற சொல் வருகிறது. அதன் கீழே பெயர், நாடு, ஆண்டு என்று ஓர் அட்டவணை இருக்கிறது. மொழியும் அந்நியம், மனிதரும் அந்நியர், அவர் போன ஊரும் அந்நியம். மூன்று சுமையை ஒரே நேரத்தில் தலையில் ஏற்றினால் குழந்தை மனப்பாடம் செய்யாமல் வேறென்ன செய்யும்?

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்வதே கற்பிக்கும் முறை. அரியலூர் மாவட்டத்துக் கல்லங்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். கடல் கண்ணுக்கெட்டாத உள்நாட்டு ஊர் அது. ஆனால் அங்குள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கடற்சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது என்பதற்கு அவை சாட்சி. மண்ணியல் அறிஞர்கள் அந்தப் பாறை அடுக்கிற்குக் கல்லங்குறிச்சியின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். கடலில்லாத ஊரில் சிப்பி எப்படி வந்தது என்று வியந்து கேட்கும் பிள்ளை, யாத்திரிகனுக்கு வேண்டிய முதல் குணத்தைப் பெற்றுவிட்டது. அந்தப் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய முதல் யாத்திரிகரும், தமிழ் மண்ணை மிதித்தவராக, நம் புளியையும் தேங்காயையும் சுவைத்தவராக இருந்தால் எவ்வளவு நன்று! அப்படி ஒருவர் இருந்தார். அன்னார்தாம் இப்னு பதூதா.

புறப்பாடு

மொராக்கோ நாட்டின் வடகோடியில், கடலோரத்தில் இருக்கும் தஞ்சா நகரில், ஹிஜ்ரி 703-ஆம் ஆண்டு ரஜப் மாதம், அதாவது 1304-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் பிறந்தார். முஹம்மத் என்பது அவர் பெயர். தந்தையின் பெயர் அப்துல்லாஹ். பர்பர் இனத்தைச் சேர்ந்த அக்குடும்பம் காஜிகளைத் தந்த குடும்பம். அவரும் மாலிகி மத்ஹபின் சட்டங்களைக் கற்றார்.

1325-ஆம் ஆண்டு ஜூன் மாதம், இருபத்தோரு வயதில், ஹஜ்ஜு செய்யும் நிய்யத்துடன் அவர் தனியே புறப்பட்டார். உடன் செல்லத் தோழர் இல்லை. சேர்ந்து போகக் கூட்டமும் இல்லை. பெற்றோர் இருவரும் உயிரோடிருந்தனர். அவர்களைப் பிரிந்தது பறவை தன் கூட்டைப் பிரிந்தது போலிருந்தது என்று பின்னாளில் அவரே சொல்லிவைத்தார்.

வழியில் கடுங்காய்ச்சல் கண்டது. தங்கி இளைப்பாறச் சொன்னவர்களுக்கு அவர் இணங்கவில்லை. மரணம் வருமானால் அது ஹிஜாஸை நோக்கிய பாதையிலேயே வரட்டும் என்று கூறி, விழுந்துவிடாதிருக்கத் தம் தலைப்பாகைத் துணியாலேயே தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு சென்றார். தூனிஸ் நகரை அடைந்தபோது, வந்த பயணிகள் ஒவ்வொருவரையும் ஊரார் எதிர்கொண்டு ஸலாம் கூறி வரவேற்றனர். இவரை மட்டும் வரவேற்பார் எவருமில்லை. ஏனெனில் அவ்வூரில் இவரை அறிந்தவர் இல்லை. இளைஞர் தேம்பி அழுதுவிட்டார். அதைக் கண்ட ஹாஜி ஒருவர் அருகில் வந்து ஸலாம் சொல்லி ஆறுதலாகப் பேசிக்கொண்டே உடன் நடந்தார்.

உலகம் போற்றும் யாத்திரிகரின் தொடக்கம் இதுதான். அச்சமும் அழுகையும் அறியாத வீரராக அவரைக் காட்டவேண்டியதில்லை. புதுப் பள்ளியில் முதல் நாள் அழும் பிள்ளைக்கு இந்தச் செய்தி ஒன்றே போதும்.

அலெக்சாந்திரியாவில் புர்ஹானுத்தீன் என்ற இறைநேசரைச் சந்தித்தார். ஹிந்திலும் சிந்திலும் சீனத்திலும் இருக்கும் தம் சகோதரர்கள் மூவருக்குத் தம் ஸலாமை எத்திவைக்கும்படி அப்பெரியார் கேட்டுக்கொண்டார். அவ்வளவு தூரம் போகும் எண்ணமே அதுவரை இவருக்கு இருந்ததில்லை. அன்று அந்த எண்ணம் மனத்தில் விழுந்தது. பின்னர் அம்மூவரையும் தாம் கண்டு ஸலாம் சொன்னதாக அவர் பதிவு செய்திருக்கிறார். 1326-இல் மதீனா முனவ்வராவில் பெருமானார் (ஸல்) அவர்களின் ரவ்ளாவை ஜியாரத் செய்து, மக்கா சென்று முதல் ஹஜ்ஜை நிறைவேற்றினார்.

மொழி தெரியாத ஊர்கள்

ஹஜ்ஜு முடிந்தும் அவர் ஊர் திரும்பவில்லை. இராக், ஈரான், யமன், கிழக்கு ஆப்பிரிக்காவின் மொகதிஷு, மொம்பாசா, கில்வா, பிறகு துருக்கியர் நாடு, கான்ஸ்டாண்டிநோபிள், ஆப்கானிஸ்தான் என்று அவர் பயணம் நீண்டது. கூடுமானவரை ஒரே பாதையில் இருமுறை செல்வதில்லை என்பதைத் தம் வழக்கமாகக் கொண்டார்.

இங்கே நம் பிள்ளைகள் கேட்கத்தக்க ஒன்று உண்டு. அரபி ஒன்றே அவருடைய மொழி. போன ஊர்களிலோ பாரசீகம், துருக்கி, சுவாஹிலி என்று வெவ்வேறு மொழிகள். துருக்கியர் ஊர் ஒன்றில் நெய் வாங்கிவர ஆளனுப்பினார்கள். வந்ததோ வைக்கோல்! அரபியில் நெய்க்குச் ‘சம்ன்’ என்று பெயர். துருக்கி மொழியில் ‘சமன்’ என்றால் வைக்கோலாம். இன்னோர் ஊரில் அரபி தெரிந்தவர் என்று ஒருவரை அழைத்து வந்தார்கள். அவருக்கோ அரபி வராது. பெயர் கெடாமலிருக்க, இவர்கள் பேசுவது பழைய அரபி, எனக்குத் தெரிந்தது புதிய அரபி என்று பாரசீகத்தில் சமாளித்துவிட்டார். ஊரார் அதை நம்பி, நாயகத் தோழர்களின் பழைய அரபியைப் பேசுகிறவர்கள் என்று எண்ணி விருந்தினரை இன்னும் அதிகமாக உபசரித்தார்களாம்!

இத்தகைய தடுமாற்றங்களை அவர் மறைக்கவில்லை. கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்ளவுமில்லை. போகப்போகப் பாரசீகத்தைப் பழகிக்கொண்டார்; துருக்கியிலும் சில சொற்கள் வந்தன.

1333-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள், ஹிஜ்ரி 734 முஹர்ரம் பிறையன்று, சிந்து நதியை அடைந்தார். தில்லியில் அப்போது முஹம்மத் பின் துக்ளக்கின் ஆட்சி. சுல்தான் அவரைத் தில்லியின் காஜியாக நியமிக்க முன்வந்தார். தாம் மாலிகி மத்ஹபினர், இந்நாட்டாரோ ஹனபிகள், தமக்கு இவ்வூர் மொழியும் தெரியாது என்று அவர் எடுத்துச் சொன்னார். அதற்காகவே சுல்தான் இரண்டு துணைவர்களை நியமித்துக் கொடுத்தார். ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் தீனார் ஊதியம். தெரியாததைத் தெரியாது என்று அரசர் முன்னிலையில் கூறியதால் அவர் மதிப்புக் குறையவில்லை.

எனினும் அரசரின் அன்பு நிலையானதன்று. சுல்தானின் கோபத்திற்காளான பெரியார் ஒருவரைச் சந்தித்த காரணத்தால் இவரும் காவலில் வைக்கப்பட்டார். உயிர் போகும் நிலை. நோன்பு நோற்றும் திருமறை ஓதியும் அந்நாட்களைக் கழித்தார். விடுதலை கிடைத்ததும் உடைமைகளைத் துறந்து, தவசீலர் ஒருவரிடம் ஏறத்தாழ ஐந்து மாதம் தங்கிவிட்டார். பின்னர் சுல்தான் அவரை அழைத்துச் சீனப் பேரரசருக்குத் தூதராக அனுப்பினார்.

கள்ளிக்கோட்டைத் துறைமுகத்தில் அப்போது பதின்மூன்று சீன மரக்கலங்கள் நின்றிருந்தன. சுல்தானின் பரிசுப் பொருள்கள் கப்பலில் ஏற்றப்பட்டன. ஜும்ஆத் தொழுகையை நிறைவேற்றுவதற்காக இப்னு பதூதா கரையில் தங்கினார். கடல் கொந்தளித்தது. பரிசுகளை ஏற்றிய கப்பல் நொறுங்கி, அதிலிருந்தோர் மாண்டனர். அவருடைய உடைமைகள் இருந்த மற்றொரு கப்பல் அவரை விட்டுவிட்டே போய்விட்டது. விரித்துத் தொழும் விரிப்பும் பத்துத் தீனாரும் தவிர அவர் கையில் எதுவும் மிஞ்சவில்லை. வாஸ்கோட காமா 1498-இல் கள்ளிக்கோட்டைக்கு வந்ததை நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே அந்தத் துறைமுகத்தில் இத்தனை நடந்திருக்கிறது.

தமிழ் மண்ணில்

அங்கிருந்து மாலத்தீவுகளுக்குச் சென்று காஜியாகப் பணியாற்றினார். அப்போது அத்தீவுகளை ஆண்டவர் கதீஜா என்ற அரசி. 1344-இல் இலங்கையின் புத்தளத்தில் இறங்கினார். யாழ்ப்பாண மன்னராகிய ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீகம் தெரிந்திருந்ததால் இருவரும் உரையாட முடிந்தது. மன்னர் முத்துக்களைக் கொடுத்து, ஆதம் (அலை) அவர்களின் பாதம் பதிந்ததாகக் கூறப்படும் மலைக்குச் செல்ல ஆட்களையும் துணைக்கு அனுப்பினார். பாறையில் பொருத்திய சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு அவர் அம்மலையில் ஏறினார்.

இலங்கையிலிருந்து மஅபர் நாட்டுக்குக் கப்பலேறினார். மஅபர் என்று அரபிகள் அழைத்தது நம் சோழமண்டலக் கரையைத்தான். கரையை நெருங்கும்போது புயல் அடித்துக் கப்பல் ஆழமற்ற இடத்தில் மோதிற்று. தம்முடன் வந்தவர்களைத் தெப்பத்தில் முதலில் அனுப்பிவிட்டு, உடைந்த கப்பலின் பின்பகுதியில் அவர் இரவைக் கழித்தார். விடிந்ததும் படகில் வந்து அவரைக் கரையேற்றியவர்கள் அக்கரையில் வாழ்ந்த முஸ்லிமல்லாத மக்கள். மொழியும் மார்க்கமும் வேறான மனிதர்களிடமிருந்து அவருக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த முதல் உபகாரம் அது.

அப்போது மதுரையில் ஒரு சுல்தானகம் இருந்தது. தில்லிக்குக் கீழிருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா 1335-ஐ ஒட்டித் தனி ஆட்சி நிறுவியிருந்தார். அவர் மகள் ஒருத்தியை இப்னு பதூதா தில்லியில் மணந்திருந்தார். மற்றொரு மகளை மணந்தவர் மதுரையை அப்போது ஆண்ட கியாதுத்தீன். ஆகவே சுல்தான் அவருக்குச் சகலை. பாசறையில் நல்ல வரவேற்புக் கிடைத்தது.

ஆனால் அங்கே அவர் கண்ட காட்சி வேறு. போரில் பிடிபட்டவர்களையும் அவர்களின் பெண்டு பிள்ளைகளையும் சுல்தான் கொடூரமாகக் கொல்வித்தார். இத்தகைய கொடுமையை வேறெந்த அரசரிடமும் கண்டதில்லை என்றும், சுல்தானுக்கு விரைவில் மரணம் வந்தது இதன் காரணமாகவே என்றும் இப்னு பதூதா எழுதவைத்தார். தம் உறவினர், தம்மை உபசரித்தவர், தம் மார்க்கத்தவர் என்ற எந்தக் காரணத்தாலும் அநீதியை அவர் மூடி மறைக்கவில்லை. நம் பார்வையில், அவர் கடந்த கடல்கள் அனைத்தினும் பெரியது இந்த நேர்மை.

பத்தன் என்று அவர் குறிப்பிடும் துறைமுகத்தில் கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசலையும், திராட்சையையும் மாதுளையையும் கண்டார். பின் மதுரைக்கு வந்தார். நகரில் கொள்ளைநோய் பரவியிருந்தது; சுல்தானும் இறந்தார். இப்னு பதூதாவுக்கும் காய்ச்சல் கண்டு, இனிப் பிழைக்கமாட்டோம் என்றே எண்ணினார். அந்நேரம் அங்கே ஏராளமாகக் கிடைக்கும் புளியின் நினைவை அல்லாஹ் தம் மனத்தில் போட்டதாக அவர் கூறுகிறார். ஒரு ராத்தல் புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார், மூன்று நாள் வயிறு கழிந்தது, நோய் நீங்கிற்று.

திரும்பும் வழியில் மேலைக் கடலில் கொள்ளையர் பன்னிரண்டு கப்பல்களில் வந்து சூழ்ந்து, முத்துக்களையும் துணிமணிகளையும் பறித்து, காற்சட்டையோடு அவரைக் கரையில் விட்டனர். அந்நிலையில் கள்ளிக்கோட்டைப் பள்ளிவாசல் ஒன்றில் நுழைந்தார். மார்க்க அறிஞர் ஒருவர் ஆடை அனுப்பினார். காஜி தலைப்பாகை அனுப்பினார். வணிகர் ஒருவர் இன்னோர் ஆடை அனுப்பினார்.

வீடு திரும்பியபோது

அதன்பின் வங்காளம், சுமத்ரா வழியாகச் சீனத்தின் ஜைத்தூன் துறைமுகம் வரை சென்றார். சீனத்தைப் பற்றி அவர் கூறியவற்றில் சில பகுதிகளை ஆய்வாளர்கள் ஐயுறுவதுண்டு. 1348-இல் திமிஷ்கு நகரை அடைந்தபோது, அங்கே அவர் விட்டுச்சென்ற மகன் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோனதை அறிந்தார். தந்தையும் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வபாத்தாகியிருந்தார். கொள்ளைநோய் நகரங்களை வாரிக்கொண்டிருந்த காலம் அது. திமிஷ்கு மக்கள் மூன்று நாள் நோன்பு நோற்று, முஸ்லிம்கள் குர்ஆனையும், யூதர்கள் தவ்ராத்தையும், கிறிஸ்தவர்கள் இன்ஜீலையும் ஏந்தி ஒன்றாகச் சென்று இறைவனிடம் மன்றாடியதை அவர் பதிவு செய்திருக்கிறார்.

மீண்டும் ஒரு ஹஜ்ஜை முடித்துக்கொண்டு 1349-இல் மொராக்கோவுக்குத் திரும்பினார். தாயாரும் சில மாதங்களுக்கு முன் அதே நோயில் மறைந்துவிட்டார் என்ற செய்தி வழியிலேயே எட்டிற்று. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து ஊர் வந்த மகனுக்கு, ஜியாரத் செய்யக் கபுறுதான் இருந்தது. பயணத்தின் இந்த விலையையும் நாம் பிள்ளைகளிடம் மறைக்கவேண்டியதில்லை.

பின்னர் ஸ்பெயினின் கிரானடாவுக்கும், 1352-இல் சஹாரா பாலையைக் கடந்து மாலி நாட்டுக்கும் சென்றார். மாலியில் ஜும்ஆவன்று முன்கூட்டியே போகாதவருக்குப் பள்ளியில் இடம் கிடைக்காது. ஆகவே பையன்களிடம் தொழுகை விரிப்பைக் கொடுத்து இடம்பிடிக்க அனுப்புவார்கள் என்று வியந்திருக்கிறார். இருபத்தொன்பது ஆண்டுகளில் அவர் கடந்த தூரம் சுமார் 1,17,000 கிலோமீட்டர் என்று கணக்கிடுவோர் உண்டு. இரயிலும் நீராவிக் கப்பலும் இல்லாத காலம் அது!

மொராக்கோ சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி அவர் சொல்லச்சொல்ல, இப்னு ஜுஸைய் என்ற அறிஞர் எழுதினார். 1355-ஆம் ஆண்டு டிசம்பரில் அது முடிந்தது. ‘ரிஹ்லா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்நூலின் முழுப் பதிப்பு 1853 முதல் 1858 வரை நான்கு பாகங்களாகப் பாரிஸில் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது. இறுதி நாட்களில் அன்னார் மொராக்கோவில் காஜியாக இருந்து மறைந்தார். 1976-இல் சந்திரனில் உள்ள ஒரு பள்ளத்திற்கு அவர் பெயர் இடப்பட்டது.

பிள்ளைகளுக்குச் சொல்லும் முறை

இப்னு பதூதாவைக் குறையற்றவர் என்று நாம் சொல்லவரவில்லை. அவர் அக்காலத்து மனிதர், அடிமைகளை வைத்திருந்தார், மணந்த மனைவியரை ஊருக்கு ஊர் விட்டுச் சென்றார். வரலாற்றைப் புகழ்மாலையாக்கினால் பிள்ளைகள் ஒருநாள் உண்மையறிந்து நம்மை நம்பாமல் போவார்கள். ஆனால் அவர் எந்த நாட்டையும் கண்டுபிடித்ததாகச் சொந்தம் கொண்டாடவில்லை. போன இடங்களில் ஏற்கெனவே மக்கள் வாழ்கிறார்கள் என்பதை அறிந்தே போனார். எங்கும் அவர் விருந்தாளி. கொலம்பஸையும் காமாவையும் படிக்கும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு தெரியவேண்டும்.

அத்தாவும் அம்மாவும் மஃரிபுக்குப் பின் இந்தக் கதையைத் தமிழில் சொல்லட்டும். உலகப் படத்தை விரித்துத் தஞ்சாவிலிருந்து மதுரை வரை ஒரு நூலை வைத்துக் காட்டட்டும். கதை மனத்தில் பதிந்தபின் ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம். கப்பலுக்கு ‘ஷிப்’, தீவுக்கு ‘ஐலண்ட்’, பாலைக்கு ‘டெசர்ட்’. பொருள் தெரிந்த சொல் மறக்காது. அடுப்படியில் இருக்கும் புளியை எடுத்துக்காட்டுங்கள். ஆங்கிலத்தில் அது ‘டாமரிண்ட்’. அச்சொல், இந்தியப் பேரீச்சம்பழம் என்று பொருள்படும் ‘தமர் ஹிந்தி’ என்ற அரபிச் சொல்லிலிருந்து வந்தது. பருவக்காற்றுக்கு வழங்கும் ‘மான்சூன்’ என்ற சொல்லும் அரபியின் ‘மவ்ஸிம்’ என்பதிலிருந்து பிறந்ததே. நாம் சொன்ன ‘ராத்தல்’ கூட அரபி ‘ரத்ல்’தான். ஆங்கிலம் நமக்கு முற்றிலும் அந்நியமன்று என்று உணரும் பிள்ளைக்குப் பாதி அச்சம் போய்விடும்.

மீதி அச்சத்தை நெய்க்குப் பதில் வைக்கோல் வந்த கதை போக்கிவிடும். தவறாகப் பேசிவிடுவோமோ என்று நாணி நிற்பவனுக்கு மொழி வராது; கேட்டுச் சிரித்துத் திருத்திக்கொள்பவனுக்கே வரும். தூனிஸில் தனித்து நின்று அழுத இளைஞருக்கு ஒரு ஸலாம் துணையாயிற்று; அதன்பின் அவர் உலகத்தையே நடந்து பார்த்தார். நம் பிள்ளைகளுக்கு அந்த முதல் ஸலாமைச் சொல்லவேண்டியவர்கள் நாமே. பயனுள்ள கல்வியையும், அதை அடையும் துணிவையும், கண்டதை உண்மையாய்ச் சொல்லும் நாவையும் அவர்களுக்கு வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.